மலோலோஸில் அரை நாள்: பராசோவாயின் கோயிலைப் பார்க்கும் முறை

பிலிப்பைன்ஸின் மலோலோஸ் நகரம் மணிலாவுக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. போகிற நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். திங்களன்று அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாக மூடியிருக்கும். சனி, ஞாயிறில் திருமணமும் திருப்பலியும் நடப்பதால் அங்குள்ள பராசோவாயின் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நிதானமாகச் சுற்ற முடியாது. வார நாள் காலையே நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.

பலர் நேரே பராசோவாயினுக்கு வந்து, ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவிக்கப்பட்ட இடம் என்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு 1898 ஜூன் 12இல் காவிட் என்ற ஊரில், புரட்சித் தலைவர் அகினால்டோவின் வீட்டில் நடந்தது. இங்கே நடந்தது அதற்கு அடுத்த வேலை: நாட்டுக்கு அரசியலமைப்புச் சட்டம் எழுதுவது.

அதனால் மலோலோஸ் பேராலயத்திலிருந்து தொடங்குங்கள். அகினால்டோவின் தலைமையகம் அதுதான். 1899 மார்ச்சில் அமெரிக்கப் படை நெருங்கியபோது பின்வாங்கிய பிலிப்பைன்ஸ் படையினரே அதற்குத் தீ வைத்தார்கள். இன்று நிற்பது பின்னர் சீரமைத்த கட்டடம். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் பராசோவாயின் தப்பியதன் அருமை புரியும்.

பராசோவாயினில் முதலில் வெளியே நின்று முகப்பைப் பாருங்கள். பழைய 10 பெசோ நோட்டின் பின்புறப் படம் கைபேசியில் இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் பீடத்துக்கு ஓடாமல் நடுக்கூடத்தில் ஓர் இருக்கையில் உட்காருங்கள். 1898 செப்டம்பர் 15இல் அரசியலமைப்பை எழுதப் பிரதிநிதிகள் கூடியது இங்கேதான். தலைவர் பெட்ரோ பதெர்னோ. அவர்களில் பாதிரியார் ஒருவர்தான், கிரெகோரியோ அக்லிபாய். ஸ்பானியத் துறவிகளின் அதிகாரத்தை எதிர்த்து எழுந்த போராட்டம், துறவிகள் கட்டிய கோயிலுக்குள்ளேயே அரசையும் திருச்சபையையும் பிரிக்கலாமா என்று வாதாடியது. முதல் வாக்கெடுப்பு சமநிலை. மறுபடி எடுத்ததில் ஒரே ஓட்டில் பிரிவினை வென்றது. வென்ற பிறகும் அரசியலமைப்பின் 100ஆம் பிரிவு அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது! அமெரிக்காவுடன் போர் வரும் நேரத்தில் உள்நாட்டுக் குருக்களைப் பகைத்துக்கொள்ள முடியாதல்லவா.

கோயிலை ஒட்டிய பங்குமனையில் (பாதிரியார் இல்லத்தில்) உள்ள அருங்காட்சியகத்தைக் கடைசியாக வையுங்கள். வாக்கெடுப்புக் கதை தெரியாமல் போனால் அங்குள்ளவை வெறும் படங்களாகத்தான் தெரியும். ஜனவரி 23, 1899இல் குடியரசு தொடங்கிய நாள். அன்று அரசு விழா நடக்கும், கூட்டமும் இருக்கும். கட்டடத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்தத் தேதியைத் தவிர்த்துவிடுங்கள்.