எஞ்சின் சாவியின் இடம் வால்வு கைப்பிடி

படகு எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் வரும் வால்வை மூடியதும், சாவியைக் கழற்றி அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். பயணத்துக்கு முன் வடிகட்டி, குழாய் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கும் நாட்களில் வால்வைத் திறக்க மறப்பது வெகு சுலபம்; சாவியை எடுக்கப் போனால் மூடிய வால்வு நினைவுக்கு வரும். கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடினால் சில நிமிடங்களுக்குள் சூடேறிக் கிழியும். கிழிந்த துண்டுகள், எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைக்கும். புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடானால் முதலில் அங்கேதான் தேடவேண்டும். இரட்டை எஞ்சின் என்றால் அந்தந்தச் சாவி அந்தந்த வால்வில்.

சாவியில்லாமல் பொத்தானில் கிளம்பும் எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் இது உதவாது. பொத்தான்மேல் ‘வால்வு மூடியிருக்கிறது’ என்று சீட்டு ஒட்டுங்கள். தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் என்றால் சீட்டும் போதாது, ஆட்டோ ஸ்டார்ட்டையே அணைத்துவையுங்கள்.