தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஃப்ளைவீல், எந்த கிளட்ச்?

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லோடு லாரிக்குப் பின்னால் நின்று நின்று கிளம்புகிறவர்கள், ரேஸுக்கென்றே வரும் மிக லேசான ஃப்ளைவீலைத் தொடவே வேண்டாம். ஃப்ளைவீல் என்பது இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம். அதன் எடை குறையக் குறைய ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) சட்டென்று ஏறும், அதே வேகத்தில் விழவும் செய்யும். கிளட்சை விடும்போது ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் குறைந்தாலே இன்ஜின் ஆஃப். ஒரிஜினலைவிடச் சற்றே எடை குறைந்த ஸ்டீல் போதும். நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாக வரும் டூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கழற்றி, ஒரே துண்டான சிங்கிள் மாஸ் போட்டால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், கிளட்சை மிதித்தால் அடங்கும், பயப்பட வேண்டாம்.

கிளட்ச் தட்டு, சாதாரண கார்களில் வரும் ஆர்கானிக் உராய்வுப் பொருளிலேயே இருக்கட்டும். செராமிக் படக்கென்று பிடிக்கும். கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் ஊரும்போது வண்டி குதிக்கும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிராங்க் ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். இவற்றுக்காக மறுபடி இறக்கினால் கூலிதான் கையைக் கடிக்கும்.