சிமுலேட்டர் பந்தயத்தில் புதியவர்கள் திருப்பங்களில் செய்யும் தவறுகள்

வேலூரிலும் காட்பாடியிலும் விடுதி அறைகளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அசெட்டோ கோர்சா போன்ற கார் பந்தய விளையாட்டுகளைத் தொடங்கும் மாணவர்கள், நேர்பாதையில் எட்டும் உச்ச வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு சுற்றின் நேரம் பெரும்பாலும் திருப்பங்களிலேயே தீர்மானமாகிறது. அங்கே நேரும் தவறுகளில் பலவற்றுக்கும் மூலம் ஒன்றே: டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறந்துவிடுவது. பிடிமானம் என்பது ஒரு குடம் தண்ணீர் போன்றது. பிரேக்குக்கு முழுவதையும் ஊற்றிவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது.

மிகப் பரவலான தவறு பிரேக்கைத் தாமதமாக அழுத்துவதாகும். காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்குத் தேவைப்படும் தூரத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் 200 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படுகிறது. இத்தாலியின் மொன்ஸா தடத்தில் நீண்ட நேர்பாதை முடிந்தவுடன் மிகக் குறுகிய முதல் திருப்பம் வருகிறது. புதியவர்கள் பலர் முதல் சுற்றிலேயே தடத்தை விட்டு வெளியேறுவது அங்கேதான். ஓரத்தில் உள்ள தூரப் பலகைகளில் ஒன்றைக் குறியாகக் கொண்டு, முதலில் வேண்டுமென்றே முன்கூட்டியே பிரேக் பிடித்து, கார் சீராகத் திரும்பத் தொடங்கிய பிறகு அந்தக் குறியைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போடுவதே முறையாகும்.

பிரேக்கை எப்படி விடுகிறோம் என்பதில் புதியவர்கள் செலுத்தும் கவனம் குறைவு. என் கருத்தில் இதுவே எல்லாவற்றையும்விட முக்கியமானது. முழு பிரேக்குடன் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களால் இரண்டு வேலைகளையும் செய்ய முடியாது. அதற்கு அஞ்சி, திருப்புவதற்கு முன்பே பிரேக்கைச் சட்டென்று முற்றிலும் விட்டுவிட்டால், முன்பக்கம் அழுந்தியிருந்த எடை பின்னால் நகர்ந்து, திரும்புவதற்குப் பிடிமானம் மிகவும் தேவைப்படும் தருணத்தில் முன்டயர்கள் இலேசாகிவிடுகின்றன. நேராகச் செல்லும்போது வலுவாக அழுத்திவிட்டு, ஸ்டியரிங் திரும்பத் திரும்ப பிரேக்கை அதே அளவுக்குப் படிப்படியாகத் தளர்த்துவதைத்தான் டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். பொத்தான் அளவில் மட்டும் இயங்கும் கீபோர்டில் இது கடினம். கேம்பேடின் அழுத்து விசையிலோ பெடலிலோதான் கைவரும்.

கார் திரும்பாமல் வெளிப்புறம் நோக்கிச் செல்லும் அண்டர்ஸ்டியர் நிலையில், கை தானாகவே ஸ்டியரிங்கை மேலும் திருப்பத் தொடங்கும். அது நிலைமையை மோசமாக்கும். விசையுணர்த்தும் வீல் வைத்திருப்பவர்கள் அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் இலேசாகிப்போவதை உணரலாம்; முன்டயர்கள் பிடிமானத்தின் எல்லையைத் தாண்டிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்றே பின்வாங்கி, டயர் மீண்டும் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, வளைவின் நடுவே ஆக்சிலேட்டரைத் திடீரென்று முழுவதும் விட்டால் பின்பக்கம் இலேசாகி, கார் சுழன்றுவிடக்கூடும். பின்பக்கம் விலகும்போது அது விலகும் திசையிலேயே ஸ்டியரிங்கை உடனே திருப்பி, கார் நேராகத் தொடங்கியதும் அதே விரைவில் மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்பதில் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசியடிக்கும்.

திருப்பத்தை விட்டு வெளியேறும்போது அவசரப்பட்டு முழு ஆக்சிலேட்டரைக் கொடுப்பதும் நேரத்தை இழக்கச் செய்யும். ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்கும்போதுதான் ஆக்சிலேட்டரையும் கூட்ட வேண்டும். அடுத்து நீண்ட நேர்பாதை இருந்தால், உள்ளோரத்தைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு வெளியேறுவது கூடுதல் பயன் தரும்.

வெளியோரத்திலிருந்து உள்ளோரத்துக்கும் பின்னர் மீண்டும் வெளியோரத்துக்கும் செல்லும் இந்தப் பாதை, எதிரே வண்டி வராத பந்தயத் தடத்துக்கு மட்டுமே உரியது. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அதை முயல்வது எதிரே இறங்கி வரும் பேருந்தின் முன் காரைக் கொண்டுபோய் நிறுத்துவதாகும்; அங்கே இடப்பக்கத்தை விட்டு விலகவே கூடாது. நிஜக் காரில் பழக விரும்புபவர்கள், சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா என்று விசாரிக்கலாம்.

தொடக்கத்திலேயே ஆற்றல் மிகுந்த காரைத் தேர்ந்தெடுப்பதையும் தவிர்க்க வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற எடையும் ஆற்றலும் குறைந்த கார், தவறைத் தெளிவாகக் காட்டி, திருத்திக்கொள்ள அவகாசமும் தரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சக்கரங்கள் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆகியவற்றை முதல் நாளே அணைக்க வேண்டியதில்லை. பிரேக்கைத் தளர்த்துவது கைவந்த பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். அதுவரை காரையும் தடத்தையும் மாற்றாமல், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு திருப்பத்தை எடுத்துக்கொண்டு, அதை விட்டு வெளியேறும்போது வேகமானி காட்டும் எண்ணை ரீப்ளேயில் பார்த்துக் குறித்து வைப்பது நல்லது.