என்டிபி பூல் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினிக் கடிகாரங்களை வலையமைப்பு வழியே சரிப்படுத்தும் என்டிபி நெறிமுறையைக் கொண்டு நேர ஒத்திசைவை முதன்முதலாக அமைப்பவர்களின் அமைப்புக் கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளே வரி மாறாமல் திரும்ப வருவதைக் காண்கிறேன். நேர மண்டலத்தைத் தவறாகக் குறிப்பது, ஃபயர்வாலில் யூடிபி 123ஆம் போர்ட்டைத் திறக்க மறப்பது போன்றவை உடனே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியை எழுதுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 2003இல் தொடங்கிய பூல்.என்டிபி.ஆர்க், தன்னார்வலர்கள் வழங்கும் சில ஆயிரம் சேவையகங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பெயராகும். அப்பெயரைக் கேட்கும்போது, அந்நேரத்தில் ஒழுங்காக இயங்குவதாகக் கண்காணிப்பில் தெரிந்த சில முகவரிகளையே, பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் தருகிறது. பிசகியவை பட்டியலிலிருந்து தாமாக நீக்கப்படுகின்றன. பெயரை ஒருமுறை தேடி, கிடைத்த முகவரியைக் கோப்பில் எழுதிவைப்பவர் இந்தக் காப்பு முழுவதையும் இழக்கிறார்.

நான் அவ்வாறே இரண்டு முகவரிகளை எழுதி, அந்தக் கோப்பைப் பல கணினிகளுக்கும் நகலெடுத்தேன். பல மாதங்களுக்குப் பின் ஒன்று பதிலளிப்பதை நிறுத்தியது; மற்றொன்றின் கடிகாரம் மெல்ல விலகத் தொடங்கியது. எல்லாக் கணினிகளும் அந்தப் பிழையான நேரத்தையே பின்பற்றி ஒன்றோடொன்று பொருந்தியிருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. வெளியிலிருந்து வந்த பதிவுகளை எங்கள் லாக் கோப்புகளுக்கு அருகே வைத்துப் பார்த்தபோது, கோரிக்கை புறப்படும் முன்பே அதற்கான பதில் அனுப்பப்பட்டதாகத் தெரிந்தது. எந்தப் பதிவை நம்பலாம் என்று பிரித்தெடுக்க இரண்டு நாட்கள் ஆயின.

மறுமுனையில் இருப்பவரின் நிலை இதைவிடத் துயரமானது: பூலிலிருந்து விலகிவிட்ட தன்னார்வலரின் சேவையகத்துக்கும், இவ்வாறு முகவரி எழுதப்பட்ட கணினிகளிலிருந்து கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

பெயரையே எழுதினாலும் இத்தவறு வேறு வடிவில் நுழையக்கூடும். கணினியின் பின்னணியில் இயங்கி நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிடி நிரலில் ‘சர்வர்’ என்ற கட்டளையோடு எழுதினால், அது தொடங்கும்போது கிடைத்த ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘பூல்’ என்று எழுதினால் பல முகவரிகளை எடுத்து, பதில் தராதவற்றை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளும்.

இரண்டே மூலங்கள்

முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. நான்கு வையுங்கள்.

லீப் நொடியைப் பரப்பும் சேவையகங்களைக் கலத்தல்

பூமியின் சுழற்சியோடு பொருத்துவதற்காக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கப்படும் கூடுதல் நொடியே லீப் நொடி. கூகுளின் நேரச் சேவையகங்கள் அதை 24 மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுகப் பரப்புகின்றன. அவற்றைப் பூலோடு சேர்த்து எழுதினால், அந்நாளில் மூலங்களுக்கிடையே அரை நொடி வரை வேறுபாடு எழும். கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்டதால், பின்னர் எழுதப்பட்ட கோப்புகளில் இந்தக் கலப்பு இன்னும் சோதிக்கப்படாமலேயே இருக்கிறது.

கிரான் வழியாக மணிக்கொருமுறை திருத்துதல்

கிரான் என்பது குறித்த நேரங்களில் கட்டளைகளை இயக்கும் நிரல்; அதன் வழியே திருத்தினால் கடிகாரம் பின்னோக்கித் தாவக்கூடும். செய்யாதீர்கள்.

தொடங்கியதும் எழுந்து போய்விடுதல்

என்டிபிடியின் நிலைப் பட்டியலில் ‘ரீச்’ என்ற நெடுவரிசையின் மதிப்பு 377 (எட்டடிமான எண்; இருமத்தில் எட்டு ஒன்றுகள்) ஆகும்வரை காத்திருங்கள். கடைசி எட்டுக் கோரிக்கைகளுக்கும் பதில் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். 64 நொடிகளுக்கு ஒருமுறை கேட்கும் அமைப்பில் இதற்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் ஆகும்.