சூலகப் புற்றுநோய்: முதல் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நாங்கள் விடும் பிழைகள்

வயிறு ஊதிக்கொண்டே இருக்கிறது, இரண்டு வாய் புட்டுச் சாப்பிட்டதும் நிரம்பிவிடுகிறது என்று ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சொன்னால், எங்கள் வீடுகளில் முதலில் வருவது ஓமத்தண்ணீர். அடுத்தது சந்திப் பார்மசியில் கஸ்ரிக் குளிசை. பிறகு யாராவது "எண்டோஸ்கோபி செய்து பாருங்கோ" என்பார்கள். அதில் ஒன்றுமில்லை என்று வந்ததும் வீடே நிம்மதியாகிவிடும். என் சின்னம்மாவுக்கு இப்படியே ஐந்து மாதம் போனது. எண்டோஸ்கோபி பார்ப்பது இரைப்பையின் உட்பக்கத்தை. சூலகம் இருப்பது இடுப்புக்குள். அந்த ஐந்து மாதத்தில் இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் டொக்டர் இல்லை. சின்னம்மாவுடைய கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்த பிழைகளும் இதில் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவை நான்கு: வயிறு ஊதுதல், கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்புதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ நோ, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருதல். இவை எல்லோருக்கும் வந்து போகிறவைதான், பெரும்பாலும் காரணம் புற்றுநோயாக இராது. ஆனால் முன்பு இல்லாமல் இந்த ஒரு வருடத்துக்குள் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வருகிறதென்றால் குளிசையோடு நிறுத்தக் கூடாது. இடுப்புப் பகுதிக்கு ஸ்கான் வேண்டுமா என்று வாய் திறந்து கேட்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கானில்தான் சூலகம் கிட்டத்தில் தெரியும். அதற்கு வெட்கப்பட்டு மறுத்துவிட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. பரிசோதனையே வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் பாப் ஸ்மியர் எடுத்தாயிற்று, அது நன்றாக இருந்தது என்று சிலர் ஆறுதல்படுவார்கள். அது கருப்பைக் கழுத்துக்கான சோதனை. சூலகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்த பிழை, தனியார் ஆய்வுகூடத்தில் சிஏ 125 என்ற, சூலகப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையை மட்டும் செய்துவிட்டு, வந்த எண்ணை வைத்து அழுவது அல்லது சந்தோசப்படுவது. 35க்குக் கீழே இருந்தால் சாதாரணம் என்று தாளில் அச்சடித்திருக்கும். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த எண் கூடுவதில்லை. மறுபக்கம், மாதவிடாய் நாட்களிலும், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோய், ஈரல் நோய் போன்றவற்றிலும் புற்றுநோய் இல்லாமலே அது ஏறும். அதனால்தான் டொக்டர்கள் எண்ணையும் ஸ்கானையும் மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு அறிகுறியும் இல்லாத பெண்கள் வருடா வருடம் இதைச் செய்வதாலும் பயன் கண்டறியப்படவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது. இப்படித் தேடிப் பிடித்ததால் சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை என்பதே அந்த முடிவு.

சரி, ஸ்கானில் கட்டி ஒன்று தெரிகிறது. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதற்குப் பிறகு நடப்பதைத்தான். "நீர்க்கட்டிதானே, நாளைக்கே எடுத்துவிடலாம்" என்ற பேச்சில் இழுபடாதீர்கள். பெரும்பாலான நீர்க்கட்டிகள் சாதாரணமானவைதான். ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணிடம் கட்டியோ, உள்ளே திண்மமான பகுதியோ, வயிற்றில் நீரோ தெரிந்தால் முதல் வெட்டுக்கு முன்பே யோசித்தாக வேண்டும். புற்றுநோய் ஒரு சூலகத்துக்குள் மட்டும், உறை உடையாமல் இருந்தால் அது 1ஏ நிலை. அதே கட்டி வெளியே எடுக்கும்போது உடைந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தினால் 1சி. தவிர்த்திருக்கக்கூடிய கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) அதனால் தேவையாகலாம். சந்தேகமான கட்டியை ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கக் கூடாது என்று சொல்வதும், முழுதாகப் பைக்குள் போட்டு எடுக்க முடியாவிட்டால் வயிற்றைத் திறந்தே எடுப்பதும் இதற்காகத்தான். தழும்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிக்கும் இடம் இதுவல்ல.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பயத்திலேயே சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டு, வயிற்றில் நீர் கோத்த பிறகு வருகிறார்கள். இந்த நோய் விதை தெளித்த மாதிரி வயிற்றின் உட்சவ்வெங்கும் தானாகவே படரக்கூடியது. கருப்பை, இரண்டு சூலகங்கள், குழாய்கள் மட்டுமல்லாமல் குடலின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையையும் எடுப்பதன் காரணம் அதுதான். நோய் பரவியிருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒன்றும் மிஞ்சாமல் எடுக்க முடிந்தவர்களே கூடிய காலம் வாழ்கிறார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும். எல்லாப் பெண்நோயியல் நிபுணர்களும் இதை அடிக்கடி செய்வதில்லை. ஆகவே கேளுங்கள்: பெண்களின் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் பயிற்சி பெற்றவர் இதைச் செய்வாரா? புற்றுநோய் மருத்துவரோடு முன்கூட்டியே பேசப்பட்டதா? கட்டி புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மேசையில் மிச்ச வேலையும் நடக்குமா, அல்லது இரண்டாம் முறை திறக்க வேண்டுமா? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டொக்டரும் கோபிக்க மாட்டார்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு முந்திய தலைமுறைக்கு இதற்கெல்லாம் கொழும்புக்குப் பக்கத்திலிருக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைதான். இரவு பஸ், அறியாத ஊர், அறியாத மொழி. 2011இல் நாட்டின் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த பணத்தில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அப்படியிருந்தும் தோட்டக் காணியை ஈடு வைத்து, முதல் சத்திரசிகிச்சையை எங்கேயோ அவசரமாகச் செய்துவிட்டு, அறிக்கையும் முழுதாக இல்லாமல் தெல்லிப்பழைக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. எங்கே செய்தாலும் சத்திரசிகிச்சைக் குறிப்பையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கையில் வாங்காமல் வெளியேறாதீர்கள்.

சிலருக்கு முதலில் மூன்று தடவை கீமோ கொடுத்து, கட்டி சுருங்கியபின் வெட்டி, மீண்டும் மூன்று கொடுப்பார்கள். "வெட்ட ஏலாது என்று கைவிட்டுவிட்டார்கள்" என்று சொந்தக்காரர் கூடி அழுவதை வார்ட்டில் பார்த்தேன். அது கைவிடுதல் இல்லை. உடல் தாங்கவும் கட்டி முழுதாக வரவும் போடும் ஒழுங்கு.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் சூலகக் கட்டி வரும். அது பெரும்பாலும் முட்டைக் கலங்களிலிருந்து வரும் வேறு வகை, கீமோவுக்கு மிக நன்றாகக் கேட்கும், பெரும்பாலானோர் முற்றாகக் குணமாகிறார்கள். கருப்பையையும் மற்றச் சூலகத்தையும் விட்டு வைத்தே சிகிச்சை செய்ய அனேகமாக முடியும். பயத்தில் "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கோ" என்று கையெழுத்து வைக்கும் முன் இதைக் கேளுங்கள். ஊர் கதைக்கும் என்று பிள்ளையை ஒளித்து வைப்பதில் போகும் மாதங்கள் திரும்பி வரா.

வழக்கமான கீமோ, கார்போபிளாட்டினும் பக்ளிடாக்செலும், மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஆறு தடவை. மூன்றாவதோடு சிஏ 125 இறங்கிவிட்டது, உடம்பும் தெம்பாகிவிட்டது என்று நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். எண் இறங்குவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விரல்கள் விறைத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அளவை மாற்ற வழியிருக்கிறது. கனடாவிலிருந்து மாமி அனுப்பும் மூலிகைப் பொடியையும் டொக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மருந்து ஏற்றி ஒரு கிழமை தொடக்கம் இரண்டு கிழமை வரை வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது இரண்டு பனடோலோடு விடியும்வரை பார்க்கும் காய்ச்சல் இல்லை. வைத்தியசாலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழியாக அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். மாரியில் டெங்குக் காலம் வேறு. "டெங்குவாக இருக்கும்" என்று வீட்டில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல், வாசலிலேயே "கீமோ எடுக்கிறவ" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நெடுந்தீவு போன்ற தீவுகளில் இருப்பவர்கள் அந்த நாட்களுக்குக் குறிகட்டுவான் படகுத்துறைக்கு இக்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. இரவில் வழக்கமான படகு ஓடாது.

முடிவு எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்கப் பதிவேடுகளின்படி ஐந்து வருடம் தாண்டுவோர் மொத்தத்தில் ஏறத்தாழ பாதி. சூலகத்தோடு நின்றிருந்தால் 10 பேரில் 9 பேருக்கு மேல், தூரத்துக்குப் பரவியிருந்தால் 10 பேரில் 3 பேர் அளவில். இது பழைய நோயாளிகளின் கணக்கு, உங்கள் அம்மாவின் நாள்காட்டி அல்ல. பரவிய நிலையில் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்ப வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. அது யாருடைய தவறும் இல்லை, அதற்கும் சிகிச்சை உண்டு. அந்தப் பயத்தில் மாதா மாதம் சிஏ 125 பார்க்க வேண்டுமென்றும் இல்லை. எண் மட்டும் ஏறியவுடன் கீமோவைத் தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை பொறுத்தவர்களை விட அதிக காலம் வாழவில்லை என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை டொக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

பரம்பரை பற்றிய பேச்சை எங்கள் வீடுகள் அடியோடு புதைத்துவிடும். "பேச்சுக்கால் நடக்கிற நேரம், வெளியில் தெரிந்தால் பிள்ளையின் கலியாணம் குழம்பும்." பிராக்கா 1, பிராக்கா 2 (BRCA1, BRCA2) மரபணுக்களில் பிழை இருந்தால் அது தாய் வழியாக மட்டுமல்ல, தகப்பன் வழியாகவும் பாதிப் பிள்ளைகளுக்குப் போகலாம். பிராக்கா 1 உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் 4 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வருகிறது. பிள்ளைப்பேறு முடிந்தபின் குழாய்களையும் சூலகங்களையும் முன்கூட்டியே எடுத்தால் அந்த ஆபத்து மிகக் குறையும். நோயாளிக்கும் இது உதவும்: பிராக்கா பிழை இருந்து, கீமோவுக்கு நன்றாகக் கேட்டவர்களுக்கு நோயைக் கட்டுப்படுத்தி வைக்கும் ஒலபரிப் என்ற குளிசை கொடுத்த ஆய்வில், ஏழு வருடத்தின் பின் 67 சதவீதமானோர் உயிரோடு இருந்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். மருந்தின் விலை பெரிது. ஆனாலும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், தங்கைக்கும் மகளுக்குமாகவாவது.

கடைசியாக, நாங்கள் விட்ட மிகப் பெரிய பிழை. "அவவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்க மாட்டா" என்று சித்தப்பா டொக்டரைக் கும்பிட்டுக் கேட்டார். நாங்களும் ஒத்துக்கொண்டோம். "சத்து மருந்து" என்று சொல்லி மூன்று தடவை கீமோ ஏற்றினோம். தனக்கு என்ன நோய் என்று தெரியாதவர் காய்ச்சலுக்கு ஏன் பயப்பட வேண்டும்? இரண்டு முறை மேல் சுட்டும் எங்களுக்குச் சொல்லாமல் பனடோல் போட்டுப் படுத்திருக்கிறார். தாதி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏசினார். அன்று பின்னேரம் நானும் தங்கையும் சின்னம்மாவின் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னோம். அழுதார். பிறகு எத்தனை பாகைக்கு மேல் என்றால் காய்ச்சல் என்று கேட்டார், கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தன் கையாலேயே 38 என்று எழுதினார். தெர்மாமீற்றர் அன்றிலிருந்து அவருடைய தலையணைக்குக் கீழ் போனது. நான்காவது மருந்துக்கு ஒன்பதாம் நாள் இரவு, 38.4 என்று எங்களை எழுப்பியது அவர்தான்.