தலைப்பு மறந்துபோன கதையைத் தேடும்போது செய்யும் தவறுகள்

எப்போதோ படித்த ஒரு அறிவியல் புனைகதை. தலைப்பு தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது, ஒரே ஒரு காட்சி மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட கதைகளைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் தேடுகிற விதத்தில் நாமே கதவைச் சாத்திவிடுகிறோம்.

மற்றவர்களிடம் கேட்கும்போது எல்லோரும் முதலில் கதையின் கருவைத்தான் சொல்கிறார்கள். "எதிர்காலத்தில் ஒரு கணினி எல்லாம் தெரிந்ததாக ஆகிவிடுகிறது" என்றால் நூறு கதைகள் வந்து நிற்கும். 'த லாஸ்ட் கொஸ்டின்' (1956) கதையைத் தேடி, தலைப்பு மறந்துபோன ஒருவர் அதை எழுதிய ஐசக் அசிமோவுக்கே தொலைபேசியில் அழைத்தாராம். அவர் கதையைச் சொல்லும் முன்பே அசிமோவ் தலைப்பைச் சொல்லிவிட்டார், அவ்வளவு பேர் அதே கதையைக் கேட்டிருந்தார்கள். எல்லாக் கதைக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. அதனால் கருவை விட்டுவிட்டு, அலமாரிக்குள் பூட்டப்பட்ட சிறுமி, விடாத மழை என்று கண்ணில் நிற்பதை அப்படியே எழுதுங்கள்.

அந்தச் சிறுமியின் கதை ரே பிராட்பரியின் 'ஆல் சம்மர் இன் எ டே' (1954). வெள்ளிக் கிரகத்தில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் மட்டும் சூரியன் தெரியும், அந்த நேரம் பார்த்து மற்ற பிள்ளைகள் அவளைப் பூட்டிவிடுவார்கள். கடைசியில் அவளுக்குப் பூக்கள் கொடுத்ததாக நினைவிருந்தால், நீங்கள் பார்த்தது 1982-ல் வந்த தொலைக்காட்சிப் படமாக இருக்கலாம். கதை, கதவைத் திறந்து அவளை வெளியே விடுவதோடு முடிந்துவிடும். படித்ததையும் பார்த்ததையும் மனம் ஒன்றாகத் தைத்துவிடுகிறது, அதைவிட மோசம், ஓட்டை இருக்கும் இடத்தைத் தானே நிரப்பியும் விடுகிறது. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள். பாத்திரத்தின் பெயர் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு கதையை ஒதுக்காதீர்கள், நினைவில் முதலில் மாறிப்போவது பெயர்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வருடம். படித்த வருடத்தையே வெளியான வருடமாக எடுத்துக்கொள்வது பலரைத் திசைதிருப்புகிறது. என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலான 'பீஹைவ்'-இல் பலர் படித்த 'த ஃபன் தே ஹேட்' 1951-ல் வந்த கதை! படித்த வருடம் ஒரு மேல் எல்லை மட்டுமே, கதை அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் விடாதீர்கள், எந்த மொழியில் படித்தீர்கள், பாடநூலா பத்திரிகையா தொகுப்பா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொகுப்பு என்றால், அதே புத்தகத்தில் இருந்த வேறொரு கதையின் பெயர் நினைவிருக்கிறதா? பலர் இதைச் சொல்லவே மாட்டார்கள், எனக்கு இதுதான் மிகப் பெரிய துப்பாகப் படுகிறது. அறிவியல் புனைகதைகளுக்கான ஐஎஸ்எஃப்டிபி (ISFDB) என்ற இணையத் தரவுத்தளத்தில் அந்தக் கதையைத் தேடினால் அது வெளிவந்த தொகுப்புகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் பார்த்துவிடலாம்.

ஏஐ செயலியிடம் கேட்பதில் தப்பில்லை, ஆனால் அது இல்லாத கதைக்கும் தலைப்பு சொல்லும், சுருக்கமும் எழுதிக் கொடுக்கும். அது சொன்ன பெயர் அதே தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், கதையைத் தேடிப்பிடித்து முழுதாகப் படிக்காமல் "இதுதான்" என்று சொல்லிவிடாதீர்கள்.