வீட்டில் சானா: சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது?

உள்ளே உட்கார்ந்து வியர்க்க வைக்கும் சூட்டு அறைதான் சானா. அதற்கு சேலம் வெயிலே போதாதா என்று கேட்பார்கள், கேட்கட்டும். முதலில் வீட்டு கரண்ட் இணைப்பைப் பாருங்கள். கல் அடுக்கிய ஹீட்டர் வைத்த ஃபின்லாந்து வகை 70 முதல் 100 டிகிரி வரை சூடேறும், சின்ன அறைக்கே 4 முதல் 6 கிலோவாட் இழுக்கும், த்ரீ ஃபேஸ் இருந்தால் நிம்மதி. ஆனாலும் கொதிக்கிற கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றியதும் 'உஸ்ஸ்' என்று எழும் ஆவிக்காகவே ஏற்காட்டுக் குளிருக்கு என் ஓட்டு இதற்குத்தான். அகச்சிவப்புக் கதிரால் உடம்பை நேராகச் சூடாக்கும் இன்ஃப்ராரெட் வகை 45–60 டிகிரிதான், ஒருவர் உட்காரும் பெட்டி 2 கிலோவாட்டுக்குள் அடங்கும், ஏசி மாட்டும் 16 ஆம்பியர் பாயின்ட் போதும், சேலத்து அபார்ட்மென்ட்டுக்கு இதுவே சரி. நீராவி அறையா? உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் ஆவி உண்டாக்கும் ஜெனரேட்டரில் உப்பு படிந்தே தீரும், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம், பிபி, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.